மெழுகும் குத்தகையும்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் அபர்தீனில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை செய்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர்களோடு காரில் வடக்கே ப்ரோரா என்ற கடலோரச் சிற்றூருக்குப் போயிருந்தேன். அங்கே அடுத்தடுத்து இரண்டு விஸ்கி டிஸ்டில்லரிகள் இருக்கின்றன. புதியதன் பெயர் க்ளைன்லீஷ். பழையது ப்ரோரா. பழையதை 1819-ல் தொடங்கினார்களாம். 1983-ல் மூடிவிட்டு, 38 வருடம் கழித்து 2021-ல் அதே செம்புக் கலன்களைச் செப்பனிட்டு மறுபடி திறந்திருக்கிறார்கள். அந்தக் கல் கட்டடத்துக்குள் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருநூறு வருடமாக ஒரே சுவையைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம்மிடம் ஏன் இந்தப் பொறுமை இல்லை என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

அந்த விஸ்கியில் ஒரு ‘மெழுகுத் தன்மை’ உண்டு என்று வழிகாட்டி சொன்னார். குடித்துப் பார்த்தபோது எனக்கும் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை தெரிந்தது. இது அந்த மண்ணின், தண்ணீரின் குணமா? இல்லை, அவர் சொன்னதால் எனக்குத் தோன்றியதா? இன்னொன்று: ஓய்வு பெறப்போகும் என் மேலாளருக்கு ஒரு புட்டி பரிசளிக்க வேண்டும். ப்ரோரா விலை கட்டுப்படியாகாது. க்ளைன்லீஷ் வாங்கலாமா? ஓர் எழுத்தாளரிடம் மதுவைப் பற்றிக் கேட்பது தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எஸ்.
அபர்தீன்

அன்புள்ள எஸ்.,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். எழுத்தாளன் குடிக்கலாமா, குடியைப் பற்றி எழுதலாமா என்ற பஞ்சாயத்து இங்கே பலமுறை நடந்து ஓய்ந்துவிட்டது. தவிர, நீங்கள் மதுவைப் பற்றி ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. ஒரு கட்டடத்தைப் பார்த்து மயங்கியிருக்கிறீர்கள். அந்த மயக்கத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் கோபத்தோடு.

சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது ஜேம்ஸ் லாக் என்பவர் 1820-ல் வெளியிட்ட ஓர் எஸ்டேட் அறிக்கை. ப்ரோராவும் அடங்கிய சதர்லேண்ட் எஸ்டேட்டின் தலைமை நிர்வாகி அவர், நம் பேச்சில் பெரிய காரியஸ்தர். தன் எஜமானர் ஸ்டாஃபோர்ட் பிரபு அந்த மண்ணில் செய்த ‘சீர்திருத்தங்களை’ ஊருக்கு நியாயப்படுத்துவதற்காக எழுதிய தடித்த புத்தகம். ப்ரோராவின் நிலக்கரிக் குழி, கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் பட்டறை, செங்கல் சூளை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போகும் இடத்தில் ஒரு டிஸ்டில்லரியும் வருகிறது. நீங்கள் சிலிர்த்துப்போய் நின்றீர்களே, அதேதான். அதைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது.

முதலில் அந்த ‘இருநூறு வருடமாக ஒரே சுவை’யைப் பார்த்துவிடுவோம். உங்கள் வழிகாட்டி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அது நீங்களாகச் சேர்த்துக்கொண்டது. 1819-ல் தொடங்கிய டிஸ்டில்லரியின் பெயர் க்ளைன்லீஷ். அதே பெயரில்தான் அது ஏறக்குறைய 150 வருடம் ஓடியது. நடுவில் கை மாறியது, 1931 முதல் 1938 வரை மூடிக் கிடந்தது, போர்க்காலத்தில் மறுபடி மூடினார்கள். 1960-களில் உலகம் முழுவதும் ஸ்காட்ச் விற்பனை ஏறியபோது, அப்போதைய முதலாளியான டிசிஎல் (டிஸ்டில்லர்ஸ் கம்பெனி லிமிடெட்) பக்கத்திலேயே ஆறு வாலைகளோடு, அதாவது காய்ச்சி வடிக்கும் செம்புக் கலன்களோடு, புதிய டிஸ்டில்லரி கட்டியது. அதுதான் நீங்கள் பார்த்த புதியது. பழைய பெயரைப் புதியதற்குக் கொடுத்துவிட்டுப் பழையதை 1968-ல் மூடினார்கள். அடுத்த வருடமே மறுபடி திறந்தார்கள். எதற்கு? மேற்குக் கரையில் உள்ள ஐலா தீவின் புகை வாசனை கொண்ட மால்ட் (முளைகட்டிய பார்லியில் மட்டும் வடிக்கும் விஸ்கி), கம்பெனியின் கலப்பு விஸ்கிகளுக்குப் போதவில்லை. எனவே சும்மா கிடந்த இந்தப் பழைய இரண்டு வாலைகளில் புகை ஏற்றிய பார்லியைப் போட்டு ஐலா போல ஒன்றை வடித்துக்கொண்டார்கள். ‘ப்ரோரா’ என்ற பெயர் அப்போது வைத்ததுதான். ஐலாவில் கல் ஈலா டிஸ்டில்லரியை 1972-ல் இடித்து 1974-ல் பெரிதாகக் கட்டித் திறந்த பிறகு இங்கே புகைக்கு அவ்வளவாக வேலையில்லை. அப்புறம் எப்போதாவது ஒரு தவணை மட்டும். 1983-ல் கதை முடிந்தது.

ஆக, ப்ரோரா என்ற பெயரோடு அது வேலை செய்தது சுமார் 14 வருடம். அந்த 14 வருடத்துக்குள்ளேயே அதன் விஸ்கி ஒரே மாதிரி இல்லை. அதை வடித்த காலத்தில் ப்ரோரா என்று பெயர் போட்டுப் புட்டியில் விற்கவும் இல்லை. எல்லாம் கலப்புக்குப் போனது. கம்பெனி முதன்முதலாக ப்ரோராவைத் தனி மால்ட்டாகப் புட்டியில் அடைத்து விற்றது 1995-ல், டிஸ்டில்லரி மூடிப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு. உயிரோடு இருந்தபோது யாரும் சீந்தாததற்குச் செத்த பிறகு வந்த புகழ் இது. 2021-ல் மூன்று அரை லிட்டர் புட்டிகளை ஒரு பெட்டியில் வைத்து 30,000 பவுண்டுக்கு விற்றார்கள், மொத்தம் 300 பெட்டிகள். நீங்கள் இதற்குப் பொறுமை என்று பெயர் வைக்கிறீர்கள். சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது, அதனால் விலை ஏறியது. அவ்வளவுதான்.

இனி மெழுகு. உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. வழிகாட்டி சொன்னதால் வாசனைக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கலாம், ஆனால் வாசனை இருக்கிறது. க்ளைன்லீஷைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். மண்ணா, தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை. அழுக்கு.

எப்படியென்று சொல்கிறேன். முளைகட்டிய பார்லியைக் காயவைத்து, அரைத்து, வெந்நீரில் இனிப்பை இறக்கி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். அந்தப் புளித்த சாற்றை முதல் செம்பு வாலையில் காய்ச்சினால் வலுக்குறைந்த சாராயம் வரும். அதை இரண்டாவது வாலையில் காய்ச்சும்போது முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புகிறார்கள். ஒதுக்கிய தலையும் வாலும் ஒரு தொட்டியில் சேர்ந்து, அடுத்த தவணையோடு மறுபடி காய்ச்சப்படும். க்ளைன்லீஷில் அந்தத் தொட்டிகளின் அடியிலும் சுவரிலும் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு படிகிறது. மற்ற இடங்களில் அதை அவ்வப்போது சுரண்டிக் கழுவிவிடுவார்கள். இங்கே ஒருமுறை நன்றாகக் கழுவிவிட்டார்கள். விஸ்கியில் மெழுகைக் காணோம். பிசுக்கு மறுபடி படிந்த பிறகுதான் மெழுகு திரும்பி வந்தது. அதிலிருந்து அந்தத் தொட்டியிடம் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். பாட்டி விளக்கிவிடாமல் வைத்திருக்கும் தோசைக்கல் போல.

தண்ணீர்தான் காரணம் என்றால், இரண்டு டிஸ்டில்லரிகளுக்கும் ஒரே க்ளைன்மில்ட்டன் ஓடையின் தண்ணீர். அப்படியிருக்க 1970-ல் ஒன்றில் கடும்புகை, இன்னொன்றில் மெழுகு எப்படி வந்தது? மண் என்றால், ஸ்காட்ச் விஸ்கிக்கான பார்லி ஸ்காட்லாந்தில் விளைந்திருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இல்லை. அங்கே காய்ச்ச வேண்டும், அங்கே ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். ‘மண்ணின் குணம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதனால் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அந்தச் சொல்லை எடுப்பவர்கள் மண்ணைப் பற்றி எல்லாம் பேசுவார்கள். அதில் யார் இருந்தார்கள், இப்போது ஏன் இல்லை என்பதை மட்டும் பேச மாட்டார்கள்.

ப்ரோராவின் மண்ணைப் பற்றியே பேசுவோம், வாருங்கள்.

சதர்லேண்ட் சீமாட்டி எலிசபெத் குழந்தையாக இருந்தபோதே அந்தப் பெரும் நிலப்பரப்புக்கு வாரிசானவர். 1785-ல் அவரைக் கைப்பிடித்த ஜார்ஜ் லூசன் கோர், பின்னாளில் ஸ்டாஃபோர்ட் பிரபு, ஆங்கிலேயர். பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் வருமானம் அவருக்கு வந்தது. அன்றைய பிரிட்டனின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவர். மனைவியின் நிலமோ பல லட்சம் ஏக்கர், ஆனால் வருமானம் குறைவு. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கேலிக் மொழி பேசும் குடியானவர்கள் மாடு வளர்த்து, கொஞ்சம் ஓட்ஸும் பார்லியும் விதைத்து வாழ்ந்தார்கள். பார்லியில் ஒரு பகுதியைத் திருட்டுத்தனமாகச் சாராயமாக்கி விற்று, அந்தக் காசில் குத்தகை கட்டினார்கள். அதே பள்ளத்தாக்கைச் செவியட் ஆடு மேய்க்கும் ஒரு தெற்கத்திப் பெருங்குத்தகைக்காரனுக்கு விட்டால் பல மடங்கு வரும். கணக்கு எளிது. இடையில் மனிதர்கள் இருந்ததுதான் சிக்கல்.

1813-ல் கில்டோனன் பள்ளத்தாக்கில் வெளியேற்றம் தொடங்கியபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். ராணுவம் வந்தது. ஒரு பகுதியினர் கப்பலேறிக் கனடாவின் செந்நதிக் கரைக்குப் போனார்கள். இன்றும் வின்னிபெக் நகரத்தில் கில்டோனன் என்ற பெயரில் பகுதிகள் உண்டு. 1814-ல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பாட்ரிக் செல்லர் என்ற காரியஸ்தர் இறங்கினார். யாரை வெளியேற்றினாரோ அவர்களுடைய நிலத்தையே ஆட்டுப் பண்ணையாகக் குத்தகை எடுத்தவர் அவர். கூரைகளைக் கொளுத்தினார்கள். படுக்கையில் கிடந்த, நூறு வயதை நெருங்கிய கிழவி ஒருத்தியை எரியும் வீட்டிலிருந்து வெளியே தூக்கி வந்தார்கள். சில நாட்களில் அவள் இறந்துபோனாள். செல்லர் மேல் 1816-ல் இன்வர்னஸில் வழக்கு நடந்தது. விடுதலையானார். இந்த மாதிரிக் கதைகளில் விடுதலைதானே ஆவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வெளியேற்றம் நடந்தது எந்த வருடம் தெரியுமா? 1819. மே மாதம். ஸ்ட்ராத்நேவர், கில்டோனன் இரண்டிலும் வீடுகள் எரிந்தன. புட்டியின் மேல் எவ்வளவு அழகாக அச்சடித்திருப்பார்கள் அந்த எண்ணை! நானும் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்துப் பரவசப்பட்டீர்கள்.

தற்செயலாக அமைந்த வருடம் என்று நினைத்துவிட வேண்டாம். டிஸ்டில்லரி அந்த வெளியேற்றத் திட்டத்தின் ஓர் உறுப்பு. பள்ளத்தாக்கிலிருந்து துரத்தியவர்களைக் கடலோரத்தில் துண்டு நிலங்களில் குடியமர்த்தினார்கள். கார்ல் மார்க்ஸ் ‘மூலதனத்தின்’ முதல் பாகத்தில் இந்தச் சீமாட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார்: 15,000 பேர் அகற்றப்பட்டார்கள், கடற்கரையில் குடும்பத்துக்கு 2 ஏக்கர் கொடுத்தார்கள், அதற்கும் குத்தகை வாங்கினார்கள், 1825-க்குள் அவர்கள் இருந்த இடத்தில் 131,000 ஆடுகள். வரலாற்றாசிரியர்கள் எண்ணிக்கையில் சண்டை போடுவார்கள், போடட்டும். இரண்டு ஏக்கரில் ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பது லாக்குக்கும் தெரியும். பிழைக்க முடியாமல் இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடே. அப்போதுதான் மீன்பிடிக்கப் போவான், கூலிக்குப் போவான். ஹெல்ம்ஸ்டேலில் ஹெர்ரிங் மீன் துறை கட்டியது அதற்காக. ப்ரோராவில் நிலக்கரி தோண்டியதும் அதற்காக.

இப்போது அந்த இரண்டு ஏக்கர்க்காரன் பார்லி விதைக்கிறான் என்று வையுங்கள். பள்ளத்தாக்கில் இருந்தபோது அவனே காய்ச்சினான், அல்லது காய்ச்சுகிறவனுக்கு விற்றான். லாக் தன் புத்தகத்தில் அந்த மக்கள் மேல் அடுக்கும் குற்றங்களில் இந்தத் திருட்டுச் சாராயம் முக்கியமானது. அவர்களைச் சோம்பேறிகளாக, சட்டத்தை ஏமாற்றுபவர்களாக ஆக்கியது இதுதான் என்கிறார். வீட்டை எரிப்பதற்கே அது ஒரு நியாயமாகிறது. சரி, அதற்கு மாற்று என்ன? பிரபுவே ஒரு டிஸ்டில்லரி கட்டுகிறார். விளைகிற பார்லிக்குச் சட்டப்படியான நிலையான சந்தை வேண்டும், கள்ளச் சாராயக்காரனிடம் போகக் கூடாது, அதற்காகத்தான் கட்டினோம் என்று லாக்கே காரணம் சொல்கிறார். டிஸ்டில்லரியை ஜேம்ஸ் ஹார்ப்பர் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். நிலம் பிரபுவுடையது. நிலக்கரிக் குழி பிரபுவுடையது. ஹார்ப்பர் கொடுக்கும் குத்தகை பிரபுவுக்கு. ஹார்ப்பரிடம் பார்லி விற்றுக் குடியானவன் வாங்கும் காசு, குத்தகையாக மறுபடி பிரபுவுக்கு. பள்ளத்தாக்கில் குடியானவனின் கையில் இருந்தபோது குற்றமாக இருந்த தொழில், கடற்கரைக்கு வந்து பிரபுவின் சுவருக்குள் நுழைந்ததும் சீர்திருத்தம் ஆகிவிட்டது. செம்பும் அதே செம்பு, பார்லியும் அதே பார்லி.

நான் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். சொல்லத்தான் செய்வேன். உங்களுக்குச் சொன்ன கதையில் 1819 ஒரு தொடக்க விழா. அதற்கு முன்னால் அங்கே யாருமே காய்ச்சவில்லை என்பது போல. ஒரு பிரபு ஒருநாள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நல்ல விஸ்கி செய்யலாமே என்று தோன்றிவிட்டது போல. அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு வேலையைப் பறித்து, அதற்கு முதல் உரிமம் எடுத்தவனைத் தோற்றுவித்தவன் என்று சொல்கிறோம். இந்த இடத்தில் ‘பொறுமை’ என்ற சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள் நீங்கள். போதாதென்று, ‘நம்மிடம் ஏன் இது இல்லை’ என்று நம்மவர்களையும் திட்டுகிறீர்கள். ஒரு வெள்ளைக்காரன் கல் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தால் உடனே நம் தாத்தாவைத் திட்ட வேண்டுமா? கெட்ட பழக்கம் எஸ்., விட்டுவிடுங்கள்.

இன்வர்னஸில் எனக்கு ஒரு நண்பர் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். இந்த ஊர்களையெல்லாம் எனக்குக் காட்டியவர் அவர். காரில் போனால் ஒன்றும் தெரியாது என்று பிடிவாதமாக ரயிலில் கூட்டிப்போனார். அந்த வடக்கு ரயில் பாதையின் ஒரு துண்டைப் போட்டதும் ஒரு சதர்லேண்ட் பிரபுதான், நம் ஸ்டாஃபோர்ட் பிரபுவின் பேரன். அதை நண்பர் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிட்டார். கோல்ஸ்பி நெருங்கியதும் எழுந்து எதிர்ப்பக்க இருக்கைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பென் ப்ராகி மலையின் உச்சியில் பிரபுவின் சிலை, பீடத்தோடு சேர்த்துச் சுமார் நூறடி. 1837-ல் நிறுவியது. குத்தகைதாரர்களும் நண்பர்களும் எழுப்பியதாம், கல்வெட்டு சொல்கிறது. பல மைல்களுக்கு அது கண்ணில் படும். அதை இடித்துவிட வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு, அது அங்கேயே நின்று எல்லோருக்கும் நினைவூட்டட்டும் என்பவர்களும் உண்டு. நண்பர் இரண்டு கட்சியும் இல்லை. முதுகைக் காட்டி உட்காருவார், அவ்வளவுதான். எத்தனை வருடமாக அப்படிச் செய்தார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஹெல்ம்ஸ்டேலில் இறங்கினோம். அங்கே 2007-ல் வைத்த ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, கப்பலேறப் போகும் குடும்பம். ஆண் முன்னால் பார்க்கிறான். கைக்குழந்தையோடு பெண் பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். அதே சிலையின் இன்னொரு வார்ப்பு வின்னிபெக்கில் இருக்கிறது. நண்பரின் முன்னோர்கள் கில்டோனனிலிருந்து துரத்தப்பட்டு, பக்கத்தில் போர்ட்கோவரில் ஒரு துண்டு நிலத்தில் ஒண்டியவர்கள். ஊரின் பெயரிலேயே பிரபுவின் குடும்பப் பெயர் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். அன்று மாலை விடுதியில் அவர் தனக்கென்று கேட்டு வாங்கியது க்ளைன்லீஷ். எனக்கு ஆச்சரியம். சிலைக்கு முதுகைக் காட்டுகிறீர்கள், இதை எப்படிக் குடிக்கிறீர்கள் என்று கேட்டே விட்டேன். எங்கள் ஆட்கள் விதைத்த பார்லிக்கு ஒழுங்கான விலை இன்னும் வந்து சேரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துக்கொண்டிருக்கிறேன் என்றார். சிரிக்கவில்லை. பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டு, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, கடல், தேன், மெழுகு என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் இல்லையா. அவர் இப்போது இல்லை. அவரோடு ஒருமுறையாவது ப்ரோரா திறந்ததைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. வழிகாட்டி சொல்லியிருப்பாரா, சொல்லியும் நீங்கள் கவனிக்கவில்லையா, தெரியாது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் கிடங்குகளில் விற்க முடியாத அளவுக்கு விஸ்கி தேங்கிவிட்டது. டிசிஎல் தன் டிஸ்டில்லரிகளை வரிசையாக மூடியது. ஐலாவில் இருந்த போர்ட் எல்லனும் ப்ரோராவும் அதே 1983-ல் போனவை. அப்போது ப்ரோராவில் இருந்த கலால் அதிகாரி, பதிவேட்டில் ‘ப்ரோரா டிஸ்டில்லரியின் ஓய்வுக்காலம் தொடங்குகிறது (காலவரையற்றது)’ என்று ஒரு வரி எழுதி வைத்தார். ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்காகச் சில வாரம் நிறுத்துவார்களே, அந்த ஓய்வுக்காலம். மூடிவிட்டோம் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை போல. 38 வருடம் கழித்து 2021 மே மாதம் ப்ரோராவைத் திறந்தபோது அங்கே தலைமை வடிப்பாளராக இருந்தவர் ஸ்டூவர்ட் போமன். அந்த வரியை எழுதியவரின் மகன்.

எனக்கு இந்த ஒரு வரி போதும். இதைப் படித்தபோது நானும் உங்களைப் போலத்தான் ஆனேன், சிலிர்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களைக் கண்டபடி திட்டியதற்கு நடுவில் இதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வளாகத்தில் சிலிர்க்க ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. திறக்கும் வேலையும் லேசுப்பட்டதல்ல. 2017-ல், டிசிஎல்லுக்குப் பின் முதலாளியான டியாஜியோ கம்பெனி ப்ரோராவையும் போர்ட் எல்லனையும் சேர்த்து 35 மில்லியன் பவுண்டு செலவில் எழுப்பப்போவதாக அறிவித்தது. இரண்டு வாலைகளையும் கழற்றி அலோவாவில் உள்ள கன்னார் பட்டறைக்கு அனுப்பிச் சரிசெய்தார்கள். ஆவியைக் குளிரவைக்கும் பழைய பாணிச் சுருள்குழாய்த் தொட்டிகளை மறுபடி செய்தார்கள். வாலைக் கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்துக் கட்டினார்கள். எஞ்சியிருந்த பழைய பீப்பாய்ச் சரக்கை முகர்ந்து முகர்ந்து, இதற்கு என்ன செய்திருப்பார்கள் என்று பின்னோக்கிப் போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களின் வேலை. அதை மதிக்கிறேன். வருடத்துக்கு எட்டு லட்சம் லிட்டர்தான் திறன், இன்றைய கணக்கில் அது சின்ன ஆலை.

ஆனால் மூடியதும் ஒரு கம்பெனி அலுவலகத்தின் மேஜையில், திறந்ததும் ஒரு கம்பெனி அலுவலகத்தின் மேஜையில். ஊர்க்காரர்கள் இரண்டு முறையும் செய்தி கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள். 1819-ல் அவர்களுக்குப் பதில் காரியஸ்தர் யோசித்தார். 1969-ல் கலப்பு விஸ்கிக்காரர் யோசித்தார். 2017-ல் விலைப்பட்டியல் யோசித்தது. இதற்கிடையில் யாரும் திட்டமிடாமல் ஒரு தொட்டியின் அடியில் பிசுக்கு படிந்தது, உங்களுக்கும் எனக்கும் பிடித்துப்போனது அதுதான்.

புட்டி விஷயத்துக்கு வருகிறேன், மறந்தே போயிருப்பேன். உங்கள் மேலாளரை எனக்குத் தெரியாது, விஸ்கி குடிப்பவர் என்றால் க்ளைன்லீஷ் 14 வருடம் வாங்குங்கள். 46 சதவீதம். ஜானி வாக்கர் கோல்டு லேபிளில் முதுகெலும்பாக இருப்பதாகச் சொல்வது இந்த மால்ட்டைத்தான், அதனால் அவர் நாக்குக்கு அந்நியமாக இருக்காது. குடிப்பவர் இல்லை என்றால் நல்ல பேனா ஒன்று வாங்கிக்கொடுங்கள். ப்ரோராவைப் பற்றி யோசிக்காதீர்கள். கட்டுப்படியானாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

அடுத்த முறை நண்பர்களையும் காரையும் விட்டுவிட்டுத் தனியாகப் போங்கள். அபர்தீனிலிருந்து இன்வர்னஸ், அங்கிருந்து விக் போகும் ரயில். ப்ரோராவில் இறங்க வேண்டாம், அங்கேதான் எல்லாம் பார்த்தாகிவிட்டதே. ஹெல்ம்ஸ்டேலில் இறங்கி டைம்ஸ்பான் அருங்காட்சியகத்தைப் பாருங்கள், மறுநாள் அடுத்த ரயிலைப் பிடித்து கில்டோனன் போங்கள். வண்டி அங்கே தானாக நிற்காது. ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவைக்க வேண்டும். திரும்பி வர, வண்டியை நிறுத்தச் சொல்லி மேடையில் உள்ள பொறியில் பொத்தானை அழுத்துங்கள். வண்டிகள் நாளுக்குச் சிலவே, நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கடை எதுவும் கிடையாது, சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

அன்புடன்.